வெடிக்காத துப்பாக்கியும் வேர்க்கடலைக் கொல்லையும்

என்னைத் துப்பாக்கி உரிமப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னதும் அப்பா தறியை நிறுத்திவிட்டார். சாப்பாட்டுக்கும் சாமி புறப்பாட்டுக்கும் தவிர அவர் தறியை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"துப்பாக்கியா? உனக்கா?"

"எனக்கு இல்லப்பா. வச்சிருக்கிறவங்களுக்கு லைசன்ஸ் குடுக்கிற சீட்டு."

"பட்டாசு வெடிச்சாலே கதவைச் சாத்திக்குவியே" என்றார் அப்பா.

அம்மாவுக்கு வேறு கவலை. "முன்ன ரேஷன் கார்டு சீட்டுல இருந்தியே, அதையே கேட்டு வாங்கிக்கயேன்மா. அங்க சண்டை போட்டாலும் வாயாலதான் போடுவாங்க."

எனக்கும் பயம்தான். எங்கள் குலத்தில் பட்டு நூலைத் தவிர வேறு எதையும் கையில் பிடித்தவர்கள் இல்லை. நான்தான் முதன்முதலாகப் படித்துப் பரீட்சை எழுதி அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தவள். கல்யாணமாகி செவிலிமேட்டுக்கு வந்த பிறகும், அலுவலகம் போகும் வழியில் தினமும் ஒரு நடை அம்மா வீட்டில் எட்டிப் பார்ப்பேன். புது சீட்டில் சேர்ந்த அன்று அம்மா என் நெற்றியில் திருநீறு பூசி, மீதிப் பொட்டலத்தையும் கைப்பையில் போட்டு அனுப்பினாள்.

போய்ப் பார்த்தால், துப்பாக்கிப் பிரிவில் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. இரண்டு மேஜை, பச்சை பெயிண்ட் அடித்த இரும்பு பீரோக்கள், ஒரு கம்ப்யூட்டர், கட்டுக்கட்டாய்க் கோப்புகள். எங்கள் சூப்ரண்ட், எதற்கும் விதியைப் புரட்டிப் பார்த்துவிட்டே வாயைத் திறக்கும் மனிதர். "பாயிண்ட் இன்னான்னா" என்று ஆரம்பித்தால், பாயிண்ட் வருவதற்குள் டீ ஆறிவிடும். ஆனால் நல்ல மனசு. வந்தவர்களை நிற்கவைத்துப் பேச மாட்டார்.

வருகிறவர்களும் நான் பயந்த மாதிரி மீசை முறுக்கிய ஆட்கள் இல்லை. பாதிப்பேர் பன்றி விரட்டும் விவசாயிகள். மீதியில் பெரும்பாலோர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வங்கி வாசலில் காவல் நிற்பவர்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கியை விற்கவும் மனசில்லாமல் வைத்துக்கொள்ளவும் தெரியாமல் தவிக்கும் சில பெரிய வீட்டுக்காரர்களும் உண்டு.

துப்பாக்கிகளால் எனக்கு ஒரு தொல்லையும் வரவில்லை. தொல்லை எல்லாம் காகிதத்தாலும் கம்ப்யூட்டராலும்தான். மாவட்டம் பிரிந்தபோது பாதிக் கோப்புகள் பக்கத்து மாவட்டத்துக்கு லாரியில் போயின. போக வேண்டியவற்றில் சில இங்கேயே தங்கிவிட்டன, இருக்க வேண்டியவற்றில் சில அங்கே போய்விட்டன. அதற்கு மேல், நாட்டில் உள்ள ஒவ்வொரு உரிமத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு தனி எண் வாங்க வேண்டும், அந்த எண் இல்லாத உரிமம் செல்லாது என்று உத்தரவு. கம்ப்யூட்டரோ பிறந்த தேதி கேட்கும். பழைய ஏட்டில் "வயது சுமார் நாற்பது" என்று இருக்கும். ஊர்ப் பெயரை இங்கிலீஷில் கேட்கும். திருப்புட்குழியை முன்னால் இருந்தவர்கள் அவரவர் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றையும் தனித்தனி ஊராக எடுத்துக்கொண்டது. எங்கள் திருப்புட்குழி அதற்குள் ஒரு தாலுகா அளவுக்கு வளர்ந்திருந்தது.

இதையெல்லாம் சரிசெய்ய, உரிமதாரர்கள் எல்லோரும் துப்பாக்கியோடு நேரில் வந்து எண்ணைச் சரிபார்த்துப் போக வேண்டும் என்று தகவல் அனுப்பினோம். அப்படித்தான் அந்த அம்மா வந்தார்.

வைகாசிப் பிரம்மோற்சவ நாட்களில் ஒன்று அது. ஊரே தெருவில் இருந்தது. பஸ்களை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அலுவலகத்தில் பாதி நாற்காலி காலி. அந்த நேரத்தில், ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா, ஆளுயரத்துக்குப் போர்வை சுற்றிய ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"துப்பாக்கி பாக்கிற ரூமு இதுதானாம்மா?"

"இதுதான். உக்காருங்கக்கா. இந்தக் கூட்டத்துல எப்படி வந்தீங்க?"

"நடந்துதான். போர்வையைப் பாத்துட்டு, சாமிக்கு இன்னாமோ கொண்டுபோறேன்னு நினைச்சிக்கினு எல்லாரும் வழி உட்டாங்க. ஒரு பொண்ணு இதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினுச்சி. நான் இன்னா சொல்றது, சும்மா வந்துட்டேன்."

சூப்ரண்ட் தலையில் கையை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். அவருக்குச் சிரித்தால் முகம் முழுவதும் சிரிக்கும்.

திருப்புட்குழிக்கு அருகே அவருக்குக் கொஞ்சம் நிலம். கீழே கழனி, மேலே வேர்க்கடலை போடும் கொல்லை. பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கக் கணவர் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. கணவர் இறந்த பிறகு உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றி வாங்கிவிட்டார். பன்றியைச் சுடக் கூடாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் போதும், கூட்டம் ஓடிவிடும்.

போர்வையைப் பிரித்தேன். குழலின் அடியில் பொறித்திருந்த எண் எண்ணெயும் தூசியும் ஏறிக் கண்ணுக்குத் தெரியவில்லை. கைப்பையில் இருந்த திருநீற்றை எடுத்துத் தேய்த்தேன். எண் வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தது. உரிமப் புத்தகத்தில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டேன். அது வேறு, இது வேறு. ஓர் இலக்கம் மாறியிருந்தால் எழுத்துப் பிழை என்று சொல்லலாம். இங்கே முழு எண்ணும் வேறாக இருந்தது.

"அக்கா, இது உங்க துப்பாக்கிதானா?"

"எலக்சன் முடிஞ்சி ஸ்டேசன்ல திருப்பிக் குடுத்தாங்களே, அதுதாம்மா இது."

தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்த பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் சொன்னது சில வருஷங்களுக்கு முந்தைய தேர்தலை. நான் குழலில் இருந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் சிவப்பு எழுத்து வந்தது. இந்தத் துப்பாக்கி ஏற்கெனவே வேறொருவர் உரிமத்தில் உள்ளது. அந்த வேறொருவர் யார் என்று பார்த்தால், பட்டாளத்திலிருந்து வந்து வாலாஜாபாத்தில் ஒரு வங்கிக் கிளைக்குக் காவல் நிற்கும் மனிதர். வீடு இவருக்குப் பக்கத்து ஊர். இரண்டு பேரும் துப்பாக்கியை ஒப்படைத்தது ஒரே காவல் நிலையத்தில்.

சூப்ரண்ட் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"பாயிண்ட் இன்னான்னா, உரிமத்துல இல்லாத துப்பாக்கியை வச்சிருந்தா படைக்கலச் சட்டப்படி குத்தம். இந்தம்மா வச்சிருக்காங்க. அங்க அவரும் வச்சிருக்கணும். ரெண்டு பேருமே நல்லவங்க. ரெண்டு பேருமே குத்தவாளி."

"நானா சார்?" என்று கேட்டார் அந்த அம்மா. பயந்த மாதிரி தெரியவில்லை. நான் கொடுத்த தண்ணீரை நிதானமாகக் குடித்தார்.

திருவிழா முடிந்ததும் இருவரையும் ஒரே நாளில் வரச் சொன்னோம். பட்டாளத்துக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்து வராந்தாவில் விறைப்பாக நின்றார். வெள்ளை மீசை, மடிப்புக் கலையாத சீருடை, சட்டைக்குள் மெல்லிய சங்கிலியில் சிலுவை. கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்திலிருந்து முதன்முதலாக ராணுவத்துக்குப் போனவர் என்று பிறகு சொன்னார். வங்கிக் காவலர்களுக்குத் தேர்தல் நேரத்தில் விலக்கு உண்டு. விலக்கு உத்தரவு வருவதற்குள், இவர் தேர்தல் அறிவிப்பைச் செய்தியில் கேட்ட மறுநாள் காலையிலேயே துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டாராம். அவ்வளவு ஒழுங்கு.

அவருடைய துப்பாக்கி கண்ணாடி போலப் பளபளத்தது. எண்ணைப் பார்க்கத் திருநீறு தேவைப்படவில்லை. நாங்கள் எதிர்பார்த்தபடியே அது அந்த அம்மாவின் எண். அரசுத் தொழிற்சாலையில் ஒரே அச்சில் செய்த இரண்டு துப்பாக்கிகள். அடையாளச் சீட்டு எங்கோ கழன்றோ மாறியோ போயிருக்கிறது.

"மாறியிருக்குதுன்னு உங்களுக்குத் தோணலையா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் மங்கலா இருந்துச்சி மேடம். ஸ்டேஷன்ல யாரும் துடைச்சிருக்க மாட்டாங்கன்னு நினைச்சி, நானே எண்ணெய் போட்டுத் துடைச்சிக்கினேன்."

சூப்ரண்டுக்கு நிம்மதி. "அப்ப ரொம்ப சிம்பிள். இவரு துப்பாக்கி இவருக்கு, அம்மாது அம்மாவுக்கு. ஒரு அறிக்கை எழுதி, முறைப்படி மாத்திக்கலாம்."

"எனக்கு வேணாம் சார்" என்றார் அந்த அம்மா.

அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"எங்க வீட்டுக்காரரு வாங்கின துப்பாக்கி வெடிக்காது சார். பத்து தபா அழுத்தினா ஒரு தபா வெடிச்சா பெரிசு. பன்னிங்களுக்கே தெரிஞ்சிபோச்சி. அவரு கொல்லையில நின்னு டிக்கு டிக்குன்னு அழுத்திக்கினு இருப்பாரு, அதுங்க பாட்டுக்கு தின்னுக்கினு இருக்கும். இது அப்படி இல்ல. ஒரே அழுத்து, ஊரே எழுந்துக்கும்."

"அப்ப துப்பாக்கி மாறினது உங்களுக்கு எப்பத் தெரியும்?" சூப்ரண்டின் குரல் இறங்கிவிட்டது.

"முதல் நாளே தெரியும் சார். வெடிச்சிடுச்சே."

"ஏம்மா, அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே."

"வெடிக்கலன்னா வந்து சொல்லுவாங்க. வெடிக்குதுன்னு யாராச்சும் வந்து கம்ப்ளைண்ட் குடுப்பாங்களா சார்?"

சூப்ரண்ட் விதிப் புத்தகத்தைத் திறந்து, மறுபடி மூடினார். நான் கோப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஆனால் சட்டென்று சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் பட்டாளத்துக்காரரின் முகம் மாறியிருந்தது. மேஜை மேல் பளபளவென்று கிடந்த துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா," என்றார் மெதுவாக, "இத்தனை வருசமா பேங்க் வாசல்ல நான் கம்பு புடிச்சிக்கினுதான் நின்னேனா?"

அவர் தோட்டாவை வீணாக்கக் கூடாது என்று ஒருதரம்கூடச் சுட்டுப் பார்த்ததில்லையாம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் காட்ட வேண்டும் அல்லவா. தினம் காலையில் துடைத்து, எண்ணெய் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய் நின்றிருக்கிறார். அவர் மனசு எவ்வளவு நொந்திருக்கும் என்று நினைத்து, ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அந்த அம்மாதான் பேசினார். "இருந்தா இன்னா அண்ணே. உங்களைப் பாத்தே ஒருத்தனும் வரலியே. எங்க ஊட்டுப் பன்னிங்களுக்குத்தான் ஆளைப் பாத்துப் பயம் இல்ல."

பட்டாளத்துக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். மீசைக்குள் முதலில் லேசாகச் சிரித்தார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சூப்ரண்டும் சிரித்தார். அன்றைக்குத்தான் அவருக்கு அவ்வளவு சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்துப் பிரிவிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அரசாங்க அலுவலகத்தில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து துப்பாக்கியை மாற்றிக்கொள்ள முடியாது. எங்கள் அலுவலகம் காவல் நிலையத்துக்கு எழுதியது, துப்பாக்கிகள் மாறியது பற்றி அறிக்கை அனுப்பவும் என்று. நிலையத்திலிருந்து பதில் வந்தது. எங்கள் பதிவேட்டின்படி துப்பாக்கிகள் உரியவர்களிடமே ஒப்படைக்கப்பட்டன, இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஆகவே மாறவில்லை. மாறிய துப்பாக்கிகள் இரண்டும் எங்கள் கண் முன்னால் இருந்தன. ஆனால் காகிதத்தில் அவை மாறவில்லை.

சரி, விசாரணை முடியும்வரை இரண்டையும் நிலையத்தில் ஒப்படைத்து வைக்கட்டும் என்றார் சூப்ரண்ட். நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் காவலரை ரைட்டர் என்பார்கள். அந்த ரைட்டர் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், யார் பேர்ல வாங்குறது? உரிமத்துல இருக்கிற பேரா, கொண்டுவந்த ஆளு பேரா? எந்தப் பேரைப் போட்டாலும் நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க."

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். துப்பாக்கிகளில் தொங்கவிட்ட சீட்டில் பெயரே போடாமல், "சந்தேகத் துப்பாக்கி ஒன்று", "சந்தேகத் துப்பாக்கி இரண்டு" என்று எழுதிவிட்டார்.

இரண்டு கோப்பும் ஒன்றாக மேலே போக வேண்டும். பட்டாளத்துக்காரரின் பழைய கோப்பைத் தேடினால் காணோம். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துக் குழப்பத்தால் அது பக்கத்து மாவட்டத்துக்கு லாரி ஏறியிருந்தது. நான் ஒருநாள் பஸ் பிடித்து அங்கே போய், என்னைப் போலவே பீரோக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். எங்கள் கோப்பு அவரிடம் கிடைத்தது. அவர் தேடிக்கொண்டிருந்த ஒரு கோப்பு எங்கள் பீரோவில் இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. அவர் எனக்கு எலுமிச்சை சாதம் கொடுத்தார். இன்றுவரை நாங்கள் சிநேகிதிகள்.

இதற்குள் ஆடி வந்து, கொல்லையில் கடலை விதைத்தாகிவிட்டது. அந்த அம்மா வாரா வாரம் அலுவலகம் வருவார். வெறுங்கையோடு வர மாட்டார். ஒரு நாள் முருங்கைக்கீரை, ஒரு நாள் பனம்பழம். சூப்ரண்ட் வேண்டாம் வேண்டாம் என்பார், விதிப்படி வாங்கக் கூடாது என்பார். "விதி கீரைக்குமா சார்?" என்று கேட்டு அவர் அதை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போவார். பிறகு சூப்ரண்ட், அலுவலகத்துக்கு வந்த வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்வார். கீரை பெரும்பாலும் வாசலில் நிற்கும் காவலர் வீட்டுக்குப் போகும்.

புரட்டாசியில் காய் பிடிக்க ஆரம்பித்தது. பன்றியும் வர ஆரம்பித்தது. எங்கள் கோப்பு இன்னும் மேலே போகவில்லை. எனக்கு உறுத்தலாக இருந்தது. அந்த அம்மா வந்தபோது கேட்டேன்.

"துப்பாக்கி இல்லாம எப்படிக்கா சமாளிக்கிறீங்க?"

"உனக்குத் தெரியாதா? மிலிட்டரி வந்துடுச்சே."

பட்டாளத்துக்காரருக்கு மனசு கேட்கவில்லையாம். தன்னால்தான் இந்த அம்மாவிடமிருந்து நல்ல துப்பாக்கி போய்விட்டது என்று அவருக்கு எண்ணம். அது தன்னுடைய துப்பாக்கிதான் என்பதையே அவர் மறந்துவிட்டார். மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் கொல்லைக்குப் போய், வரப்பைச் சுற்றி நடந்து பார்த்து, பன்றி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தரையில் குச்சியால் படம் போட்டாராம். வேலியோரம் கம்பி கட்டி, காலி எண்ணெய் டின்களைத் தொங்கவிட்டு, கயிறு இழுத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் சத்தம் போடும்படி செய்திருக்கிறார். பக்கத்துக் கொல்லைக்காரர்களைக் கூப்பிட்டு இரவுக் காவலுக்கு முறை வைத்திருக்கிறார்.

"முறை மாத்தும்போது சலூட் அடிக்கணுமாம்மா" என்றார் அந்த அம்மா. "பக்கத்துக் கொல்லைக்காரரு வெத்திலையை மென்னுக்கினு சலூட் அடிச்சாருன்னு அவருக்கு ஒரே கோவம். அவங்க ஊட்டம்மா என்கூட உக்காந்து சிரிக்கிறாங்க. நல்லவங்க அவங்க. கறிக்கொழம்பு வச்சி எடுத்துக்கினு வருவாங்க."

"பன்றி வருதா?"

"வருது. ஆனா முன்ன மாதிரி உக்காந்து சாப்பிட்டுப் போறதுல்ல."

அந்த மாதம் எங்களுக்குப் புதிதாக ஒரு பெரிய அதிகாரி வந்தார். சின்ன வயசுப் பெண். கோப்பைப் படித்துவிட்டு சூப்ரண்டையும் என்னையும் கூப்பிட்டார். "சந்தேகத் துப்பாக்கி இரண்டு" என்ற வரியில் விரலை வைத்திருந்தார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"அவங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க" என்றார். "ஸ்டேஷன் ரைட்டரையும்."

எல்லோரும் வந்தார்கள். அவர் ஒவ்வொருவராகச் சொல்லவிட்டுக் கேட்டார். ரைட்டர் சீட்டு எழுதிய கதையைச் சொல்லும்போது அதிகாரியே சிரித்துவிட்டார். பிறகு கேட்டார், "யார் மேலயும் நடவடிக்கை வேணாம்னா, இதை எப்படி முடிக்கலாம்?"

சூப்ரண்ட் தயாராக இருந்தார். விதிப் புத்தகத்தில் காகிதம் செருகி வைத்திருந்தார். "பாயிண்ட் இன்னான்னா மேடம், துப்பாக்கி ரெண்டும் இப்ப ஸ்டேஷன்லதான் இருக்குது. எண்ணைப் பார்த்து உரியவங்ககிட்ட ஒப்படைக்கச் சொல்லி ஒரே ஒரு உத்தரவு போட்டா, பேப்பர்ல இருக்கிறதும் கையில இருக்கிறதும் ஒண்ணாயிடும். அந்தம்மாவுக்கு அவரு துப்பாக்கிதான் வேணும்னா, சட்டப்படி ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்க மனு குடுக்கட்டும்."

அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை. அதிகாரி தலையாட்டினார். அப்போது பட்டாளத்துக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"மேடம், ஒரு வேண்டுகோள். அந்தத் துப்பாக்கியை ரிப்பேர் பண்ண எனக்கு பர்மிஷன் வேணும். நான் தோள்ல சுமந்த துப்பாக்கி. வெடிக்காம அதை யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்."

"அது இன்னாத்துக்கு அண்ணே," என்றார் அந்த அம்மா. "அதைத் தூக்கிப் போடுங்க."

"இல்லமா. அது வெடிக்கணும்."

அனுமதி கிடைத்தது. அதற்கும் ஒரு கோப்பு, அதற்கும் சில கையெழுத்து. ஆனால் இந்த முறை எல்லோரும் சேர்ந்து தள்ளியதால் கோப்பு நகர்ந்தது. சென்னையில் உரிமம் பெற்ற ஒரு பழுதுபார்ப்பவரிடம் துப்பாக்கி போய் வந்தது. உள்ளே தோட்டாவைத் தட்டுகிற ஊசி தேய்ந்திருந்ததாம். அதை மாற்றினதும் வேலை முடிந்தது. சுட்டுப் பார்த்துத்தான் தர வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டதால், ஒரு காலையில் காவல்துறையின் சுடும் மைதானத்துக்கு எல்லோரும் போனோம்.

வெயில் ஏறாத நேரம். இரவு பெய்த மழையில் மண் குளிர்ந்திருந்தது. சூப்ரண்ட் தூரத்தில், ஜீப்புக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் அவருக்குப் பின்னால். துப்பாக்கிப் பிரிவில் அத்தனை நாள் வேலை பார்த்தும், நாங்கள் இரண்டு பேருமே ஒரு வெடிச்சத்தம்கூடப் பக்கத்தில் கேட்டதில்லை. பட்டாளத்துக்காரர் துப்பாக்கியை வாங்கித் தோளில் பொருத்தினார். அந்த ஒரு கணத்தில் அவருக்கு இருபது வயசு குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. கால்கள் தாமாகவே அகன்று நின்றன.

நான் காதைப் பொத்தினேன். பொத்தியும் அந்தச் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. சூப்ரண்ட் கையிலிருந்த டீ அவர் சட்டையில் இருந்தது. பட்டாளத்துக்காரர் இன்னொன்று போட்டார். அதுவும் வெடித்தது. மூன்றாவதும். துப்பாக்கியை இறக்கிவிட்டு எங்கள் பக்கம் திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் நிறையச் சிரிப்பு.

அந்த அம்மா போய்த் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். குழலைத் தடவிப் பார்த்தார். இன்னும் சூடாக இருந்திருக்கும்.

"ஒரு ஊசிக்குத்தானா அந்த மனுசன் இவ்ளோ நாளு இதைத் திட்டிக்கினு இருந்தாரு" என்றார். "இப்படி வெடிக்கிறதைப் பாத்திருந்தா ஊரைக் கூட்டியிருப்பாரு. பிரியாணி போட்டிருப்பாரு." முந்தானையால் குழலை ஒருதரம் துடைத்தார். பிறகு சூப்ரண்டைப் பார்த்து, "சார், எனக்கு இதுவே போதும். மனு கினு எதுவும் வேணாம். எங்க ஊட்டுதை நான் எடுத்துக்கினு போறேன், அண்ணன்து அண்ணன் எடுத்துக்கட்டும்" என்றார்.

சூப்ரண்டின் முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் பார்த்ததில்லை. மாற்று மனு இல்லை என்றால் கோப்பு முடிந்தது. அன்று மதியமே கம்ப்யூட்டரில் இரண்டு எண்களையும் தட்டினேன். சக்கரம் சுற்றியது, சுற்றியது, பச்சை எழுத்து வந்தது. நான் "வந்துடுச்சி சார்" என்றேன். பக்கத்துப் பிரிவில்கூடக் கை தட்டினார்கள், எதற்கு என்று தெரியாமலே.

ஐப்பசிக் கடைசியில் கடலை பிடுங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வர வேண்டும் என்று அந்த அம்மா உத்தரவு மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார். சூப்ரண்ட் விதியைப் பார்த்தார். கோப்பு முடிந்துவிட்டது, நாம் நம் செலவில் பஸ்ஸில் போகிறோம், விடுமுறை நாள், ஆகவே தடை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். நான் என் வீட்டுக்காரரையும், அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். துப்பாக்கிச் சீட்டுக்குப் பயந்த என் அம்மாவுக்கு அந்த அம்மாவை நேரில் பார்க்க ஆசை.

கொல்லையோரம் புங்க மரத்தடியில் பாய் விரித்திருந்தது. பெரிய குண்டானில் பச்சைக் கடலை உப்புப் போட்டு வெந்துகொண்டிருந்தது. பட்டாளத்துக்காரரின் மனைவி கறிக்குழம்பு கொண்டுவந்திருந்தார். கறி சாப்பிடாத எங்களுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு தனியாக. என் அம்மாவும் அந்த அம்மாவும் பார்த்த உடனே பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. அப்பா கடலைச் செடியைக் கையில் எடுத்து வேர்களை விரித்துப் பார்த்துக்கொண்டே, "நல்லா புடிச்சிருக்குதுபா" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். ரைட்டரும் சீருடை இல்லாமல் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

எல்லோரும் வாயில் கடலையோடு உட்கார்ந்திருந்தபோது, பிடுங்காத பாத்தியில் ஏதோ அசைந்தது. பட்டாளத்துக்காரர் பாதி எழுந்துவிட்டார். பன்றி இல்லை. மயில்கள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக, கல்யாணத்துக்கு வந்தவை மாதிரி நிதானமாக உள்ளே வந்து கடலையைக் கிளற ஆரம்பித்தன.

"இதுங்களுக்கு துப்பாக்கி எடுக்க முடியுமா சார்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"வெடி போட்டாக்கூட கேள்வி வரும்" என்றார் சூப்ரண்ட். வேட்டியை மடித்துக் கட்டி, தோள் துண்டை எடுத்துச் சுழற்றிக்கொண்டு, ஹோ ஹோ என்று கத்தியபடி கொல்லைக்குள் இறங்கினார். ரைட்டர் அவருக்குப் பின்னால் ஓடினார். பட்டாளத்துக்காரர் டின் கயிற்றை இழுக்க, வேலி முழுவதும் கடகடவென்று ஆடியது. மயில்கள் பறந்து போய் அடுத்த கொல்லையில் இறங்கின. அங்கிருந்து அடுத்த கொல்லைக்காரர் கத்த ஆரம்பித்தார். என் அப்பா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, பட்டாளத்துக்காரரின் மனைவி அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா குண்டானிலிருந்து இன்னொரு கரண்டி கடலையை அள்ளி என் மடியில் கொட்டினார்.